ஒரு சுற்றுக்கு மேல் கூடாது

கிருஷ்ணகிரி தனி மாவட்டமான வருஷம் சரிதா பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். அதுவரை தர்மபுரிக்காக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் திடீரென்று இரண்டு மாவட்டமாகப் பிரிந்தார்கள். புது மாவட்டம் என்றால் ஒவ்வொரு விளையாட்டுக்கும் புது அணி வேண்டும். கபடிக்கும் கோகோவுக்கும் ஆள் கிடைத்துவிட்டது. சாஃப்ட்பாலுக்குத்தான் யாருமே இல்லை. சரிதா படித்த ஓசூர் அரசுப் பள்ளியின் பி.டி. மாஸ்டர் கோவிந்தப்பன் ஒருநாள் மாலை ஒரு சாக்குப்பையை இழுத்துவந்து மைதானத்தில் கொட்டினார். மட்டை, தோல் கையுறைகள், கம்பி போட்ட முகமூடி ஒன்று, தேங்காயைவிடச் சற்றுச் சின்னதாக ஒரு மஞ்சள் பந்து.

"பேஸ்பால் பாத்திருக்கீங்களா டிவியில? அதே மாதிரிதான். அடிச்சிட்டு நாலு மூலையும் சுத்தி வந்தா ஒரு ரன். ஆனா பந்த மேல இருந்து எறியக் கூடாது. கீழ இருந்துதான் வீசணும்" என்றார். அவருக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். கபடி அணியைப் பார்க்கப் போய்விட்டார்.

சரிதாவின் ஊர் பேரிகை. அப்பா நாராயணப்பனுக்கு அங்கே கொஞ்சம் தக்காளியும் ராகியும். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். தினமும் ஒரு மணி நேரம் பஸ்ஸில் வந்து போவாள். பந்து வீச அவளைத் தேர்ந்தெடுத்தவர் யாருமில்லை. வீசிப் பார்த்தவர்களில் அவளுடைய பந்துதான் எதிரே இருந்தவள் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

எதிரே இருந்தவள் காளியம்மாள். முகமூடியைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தபோது அதை எடுத்து மாட்டிக்கொண்டவள். அவளுடைய அப்பா மதுரைவீரன் மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வெல்டராக இருந்தார். அவள் பேச்சைக் கேட்டு வகுப்பே சிரிக்கும். அவள் கவலைப்பட மாட்டாள். "நீங்க பேசுறது மட்டும் தமிழாக்கும்?" என்பாள்.

சரியாக எப்படி வீசுவது என்று அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தது பெங்களூர்தான். கோவிந்தப்பன் சார் யாரையோ பிடித்து அங்கே ஒரு அணியுடன் பயிற்சி ஆட்டம் ஏற்பாடு செய்திருந்தார். அந்த அணிக்குப் பந்து வீசும் பிட்சர் ஒல்லியான பெண். தரையில் பதித்திருந்த பலகையில் கால் வைத்து நின்றாள். கையையும் கையுறையையும் சேர்த்து நெஞ்சருகே வைத்து ஒரு கணம் அசையாமல் இருந்தாள். பிறகு அவள் கை முன்னால் கிளம்பி, தலைக்கு மேலே போய், பின்னால் இறங்கி, இடுப்பை உரசிக்கொண்டு வந்தது. பந்து எப்போது கையை விட்டது என்றே தெரியவில்லை. எதிரே குத்தவைத்திருந்த கேட்சரின் கையுறையில் பட்ட சத்தம்தான் கேட்டது.

ஓசூர்ப் பெண்கள் ஒருவருக்கும் அன்று மட்டையில் பந்து படவில்லை. ஆட்டம் எப்படி முடிந்தது என்பதே சரிதாவுக்கு நினைவில்லை. திரும்பும் பஸ்ஸில் அத்திப்பள்ளி தாண்டியதும் அவள் திடீரென்று காளியம்மாளின் தொடையில் அடித்தாள்.

"ஏம்மே, அது எங்க கொல்லையில சுத்துற கவணதான்மே!"

ராகி முற்றும் காலத்தில் கிளிகளையும் குருவிகளையும் விரட்டப் பேரிகையில் பரண் மேல் நின்று கவண் சுற்றுவார்கள். கயிற்றின் நடுவில் கல்லை வைத்து, தலையைச் சுற்றி விட்டு, ஒரு முனையை விட்டால் கல் பறக்கும். சரிதா ஏழு வயதிலிருந்து அதைச் செய்தவள். மறுநாளே மைதானத்தில் கயிறில்லாமல் பந்தைச் சுற்றினாள். பந்து பறந்தது. காளியம்மாள் கையுறைக்குள் கை சிவந்து, "ஆத்தி!" என்று மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கபடிப் பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அந்தச் சந்தோஷம் தர்மபுரியில் நடந்த முதல் ஆட்டம் வரைக்கும் இருந்தது. சரிதா வீசிய முதல் பந்தே மட்டைக்காரியைத் தாண்டி நேராகக் கையுறைக்குள் போனது. அம்பயர் கையை நீட்டி ஆட்டத்தை நிறுத்தினார்.

"எத்தன சுத்து சுத்துறம்மா நீ?"

சரிதா அதை எண்ணிப் பார்த்ததே இல்லை.

"ரெண்டு சுத்து சுத்துற. ஒரு சுத்துக்கு மேல கூடாது. கை ஒரு தடவதான் முழுசா வரணும், வந்ததும் பந்த விட்டுடணும். இது இல்லீகல் பிட்ச்."

அடுத்ததும் இரண்டு சுற்று. அதற்கடுத்ததும். வேண்டுமென்று செய்யவில்லை. ஒரு சுற்றில் விடுவது அவள் தோளுக்குத் தெரியாது. பரணில் நின்று பழகிய தோள் அது. கடைசியில் வேறொரு பெண் வந்து மெல்ல மெல்லப் பந்தைத் தூக்கிப் போட்டு ஆட்டத்தை முடித்தாள்.

பிறகு வந்த வாரங்களை நினைத்தால் சரிதாவுக்கு இப்போதும் முகம் மலர்ந்துவிடுகிறது. பள்ளி விட்டதும் மைதானத்தின் மூலையில் இரண்டு பேர் மட்டும் நிற்பார்கள். மழை இல்லாவிட்டாலும் ஓசூர்க் குளிர் காதைக் கடிக்கும். காளியம்மாள் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு, கை மேலே போகும்போதே "விட்றீ!" என்று கத்துவாள். பந்து சில நாள் வானத்துக்குப் போகும், சில நாள் சரிதாவின் காலடியிலேயே விழும். ஒரு பந்து ஹெட்மிஸ்ட்ரஸ் அறை ஜன்னலுக்குள் போய்விட்டது. பந்தை வாங்கி வரப் போன காளியம்மாள் உள்ளே என்ன சொன்னாளோ, கையில் பந்தோடு ஒரு வாழைப்பழமும் கொண்டுவந்தாள்.

ஒரு சுற்று கைவந்தது. ஆனால் வேகம் போய்விட்டது. இரண்டாவது சுற்றில்தான் அவள் பலம் முழுவதும் இருந்திருக்கிறது. அதை எங்கிருந்து திரும்ப எடுப்பது என்று தெரியாமல் சரிதா தவித்தாள். ஒருநாள் வீசும்போது பின்னங்கால் தானாகவே பலகையை விட்டுக் கிளம்பி, ஒரு தத்துத் தத்தி, முன்னால் மண்ணில் ஊன்றி, அங்கிருந்து உந்தியது. பந்து சீறிக்கொண்டு போனது. பழைய வேகம், அதற்கும் மேலேயே.

"இதான்டி! இப்படியே போடு" என்றாள் காளியம்மாள்.

அப்படியே போட்டாள். ஈரோட்டில் நடந்த மாநிலப் போட்டியில் புது மாவட்டம் முதல் இரண்டு ஆட்டங்களையும் ஜெயித்தது. யாரும் எதிர்பார்க்கவில்லை. சாப்பாட்டு வரிசையில் மற்ற மாவட்டத்துப் பெண்கள் சரிதாவைக் காட்டிக் காட்டிப் பேசினார்கள்.

கால் இறுதியில் வேறு அம்பயர். கடைசி இன்னிங்ஸ், இரண்டு பக்கமும் சமம். எதிரணிப் பெண் ஒருத்தி மூன்று மூலைகளைத் தொட்டு மூன்றாவது பேஸில் நின்றாள். அவள் 'வீடு' என்கிற கடைசி மூலைக்கு வந்தால் ஆட்டம் முடிந்தது. சரிதா மூச்சை இழுத்துப் பிடித்து, கைகளைச் சேர்த்து, நின்று, சுற்றி வீசினாள். மட்டைக்காரி தொடவே இல்லை. பந்து கையுறைக்குள் போய் உட்கார்ந்தது. ஆனால் பக்கவாட்டில் நின்ற அம்பயரின் இடது கை நீண்டிருந்தது.

இல்லீகல் பிட்ச். பலகையிலிருந்து உந்தி, பின்னங்கால் மண்ணை இழுத்துக்கொண்டே வர வேண்டும். தத்தி, வேறு இடத்தில் ஊன்றி, அங்கிருந்து மறுபடி உந்தினால் தப்பு. தப்பு நடந்தால் பேஸ்களில் நிற்கிறவர்கள் எல்லோரும் ஒரு பேஸ் முன்னேறலாம் என்பது அப்போதைய சட்டம். மூன்றாவது பேஸில் நின்ற பெண் ஓடக்கூட இல்லை. கைகொட்டிக்கொண்டே நடந்து வந்து வீட்டை மிதித்தாள். கிருஷ்ணகிரி தோற்றது.

திரும்பி வரும் பஸ்ஸில் சரிதா ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தாள். தொப்பூர் மேட்டில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது காளியம்மாள் சொன்னாள்.

"எனக்குத் தெரியும்டி."

"இன்னா தெரியும்?"

"நீ தத்துறது தப்புன்னு. பெங்களூர்ல அந்தப் புள்ளைக்குக் கால் எழுந்திரிக்கவே இல்ல, மண்ணுல கோடு விழுந்துச்சு. நான் மட்டையோட எதுக்க நின்னு பாத்தேன்ல. உனக்குக் கோடு விழுகல. வேகம் வருதே, யாரு பாக்கப் போறான்னு விட்டுட்டேன்."

சரிதா எழுந்து போய் முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். ஓசூர் வந்து இறங்கும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. பள்ளியிலும் பேசவில்லை. வகுப்பில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் இரண்டு பெஞ்சுக்குப் போனார்கள். தோற்றது கூட ஆறிவிட்டது. தன்னிடம் சொல்லாமல் இருந்தாளே என்பதுதான் ஆறவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்த அன்று மாலை, சரிதா பஸ்ஸுக்குப் போகும் வழியில் மைதானத்தைப் பார்த்தாள். காளியம்மாள் தனியாக இருந்தாள். டிபன் பாக்ஸில் கொண்டுவந்திருந்த கோலப்பொடியைப் பலகைக்கு முன்னால் பட்டையாகத் தூவிக்கொண்டிருந்தாள்.

"இன்னாமே செய்யிற?" தன்னை அறியாமல் சரிதா கேட்டுவிட்டாள்.

"காலு தரையோட வந்தா பொடியில கோடு விழுகும். தத்துனா நடுவுல வெள்ளையா நிக்கும். ரெண்டு பேருக்குமே தெரியும். இனி நான் மறைக்க முடியாதுல்ல."

சரிதா பையைக் கீழே வைத்தாள். அன்றைக்குப் பேரிகை பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் போய் இறங்கியபோது அம்மா சென்னம்மாள் வாசலிலேயே நின்று திட்டினாள்.

கால் பழக ஒரு வருஷம் பிடித்தது. தரையில் இழுத்து இழுத்து வலது கால் கேன்வாஸ் ஷூவின் பெருவிரல் பக்கம் தேய்ந்து ஓட்டையாகிவிடும். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் செருப்புத் தைப்பவர் சைக்கிள் டயரை வெட்டி அங்கே ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். "ஒத்தக் காலு மட்டும் எப்பிடிம்மா இப்பிடித் தேயுது? நொண்டி நொண்டி நடக்கறியா?" என்று கேட்டார். அவருக்கு அந்த பஸ் ஸ்டாண்டிலேயே வீசிக் காட்டினார்கள். பழக்கடைக்காரர் தன் ஆரஞ்சுப் பழம் ஒன்றைப் பந்தாகக் கொடுத்தார். வாங்கித் தின்றுவிட்டார்கள்.

அடுத்த வருஷ மாநிலப் போட்டியில் ஓர் அம்பயரும் அவளுக்காகக் கையை நீட்டவில்லை. அணி மூன்றாம் இடம் பிடித்தது. மெடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டே பஸ் ஏறினார்கள். ஒரே சால்வையை இரண்டு பேரும் போர்த்திக்கொண்டு, ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து தூங்கியபடி ஓசூர் வந்தார்கள். தன் வாழ்க்கையில் அதைவிட நல்ல தூக்கம் தூங்கியதில்லை என்று சரிதா இப்போதும் சொல்வாள்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த மாதமே மதுரைவீரன் வேலை பார்த்த கம்பெனி மூடிவிட்டது. குடும்பம் மேலூருக்குத் திரும்பியது. அப்போது இரண்டு பேரிடமும் போன் கிடையாது. மேலூரில் பக்கத்து வீட்டுக் கடை நம்பர் ஒன்று இருந்தது. கொஞ்ச நாளில் அந்தக் கடையும் இல்லாமல் போனது.

சரிதா சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். கிருஷ்ணகிரி மாங்கூழ்த் தொழிற்சாலையில் வேலை பார்த்த பிரகாஷைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஓசூரில் பாகலூர் ரோடு பக்கம் வீடு. துவைத்த துண்டை உதறும்போது அவள் கை சில நேரம் தானாக ஒரு முழு வட்டம் போட்டுவிடும். சுவரெல்லாம் தண்ணீர் தெறிக்கும். பிரகாஷ் சிரிப்பான். அவனுக்கு அவள் விளையாடியது ஒரு செய்திதான். அவன் அதைப் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றும்.

சில வருஷங்களுக்கு முன்னால் மாவட்டத்தில் பெண் அம்பயர்கள் தேவை என்று பழைய ஆட்டக்காரர்களைத் தேடினார்கள். சரிதா சேலத்தில் பயிற்சிக்குப் போனாள். புத்தகத்தில் இருந்த பிட்சிங் சட்டங்களைப் படிக்கும்போது அவளுக்கு ஒவ்வொரு வரியிலும் ஒரு மைதானமும் ஒரு மாலையும் தெரிந்தன. தேர்வில் தேறினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நீலச் சட்டையும் முகமூடியும் மாட்டிக்கொண்டு கேட்சருக்குப் பின்னால் நிற்கத் தொடங்கினாள்.

போன வருஷம் தை மாதம், கம்பெனிப் பெண்களுக்கான போட்டி. ஓசூரைச் சுற்றிப் புதிதாக வந்த கம்பெனிகளில் ஆயிரக்கணக்கில் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். திருநெல்வேலி, தேனி, புதுக்கோட்டை என்று எங்கெங்கிருந்தோ வந்து ஹாஸ்டல்களில் தங்கியிருப்பவர்கள். அப்படி ஒரு ஹாஸ்டல் அணிக்குப் பிட்சர் தர்ஷினி என்ற தேனிப் பெண். நல்ல கை. ஆனால் பதற்றம். கைகளைச் சேர்த்து வைத்து ஒரு கணம் நிற்க வேண்டும் என்பது சட்டம். மட்டைக்காரி தயாராவதற்கு அந்த நிறுத்தம் வேண்டும். தர்ஷினி நிற்கவே இல்லை. கை சேர்ந்ததும் சுற்றிவிட்டாள்.

சரிதா இடது கையை நீட்டினாள். "இல்லீகல் பிட்ச்."

முன்னால் குத்தவைத்திருந்த கேட்சர் விருட்டென்று எழுந்தாள். கனத்த உடம்பு, மற்றப் பெண்களைவிட ரொம்ப மூத்தவள். ஹாஸ்டல் வார்டனே கேட்சராக இறங்கியிருக்கிறார் என்று காலையில் யாரோ சொல்லியிருந்தார்கள். முகமூடியைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள்.

"எங்கிட்டுப் பாத்து குடுத்தீக? நின்னுச்சே அந்தப் புள்ள! நான் எதுக்கதான உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

முகம் பருத்திருந்தது. காதோரம் நரை. மற்றபடி அது காளியம்மாள்தான்.

சரிதா தன் முகத்தில் முகமூடி இருப்பது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தாள். ஒரு ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"திரும்பி உக்காரு, காளி" என்றாள்.

காளி என்று அவளைக் கூப்பிட்டவள் உலகத்தில் ஒருத்திதான். காளியம்மாள் கம்பிகளுக்குள்ளே இருந்த கண்களை உற்றுப் பார்த்தாள். பிறகு முகமூடியை இறக்கிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தாள். அவளுடைய முதுகு குலுங்குவது சரிதாவுக்குத் தெரிந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்பது பின்னால் இருந்து தெரியவில்லை.

இன்னும் இரண்டு பந்து. மூன்றாவதில் தர்ஷினி மறுபடியும் நிற்கவில்லை. சரிதாவின் கை ஒரு நொடி தயங்கியது. பிறகு நீண்டது.

காளியம்மாள் இந்தத் தடவை திரும்பவில்லை. முன்னால் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டாள். "நெசமாவே நிக்கலையாடி?"

"நிக்கல."

"சரி. டைம் குடுங்க அம்பயர்."

எழுந்து போய் தர்ஷினியின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். அந்தப் பெண் கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பந்துக்கும் நின்றாள், அழகாக வீசினாள். ஆனாலும் அவர்கள் தோற்றார்கள்.

ஆட்டம் முடிந்து கையெழுத்தெல்லாம் போட்டபிறகுதான் சரிதா முகமூடியைக் கழற்றினாள். மைதானத்துக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் காளியம்மாள் காத்திருந்தாள். கட்டிப் பிடித்துக்கொண்டதில் டீ இரண்டும் கொட்டியது. கடைக்காரர் வேறு இரண்டு போட்டார்.

"நீ கை நீட்டலைன்னாலும் தோத்துத்தான் போயிருப்போம்" என்றாள் காளியம்மாள். "நாலு கேட்ச விட்டுருச்சுக எம் புள்ளைக."

"இங்க வந்து எத்தினி நாளாச்சும்மே?"

"எட்டு மாசமாச்சு. திருப்பூர்ல ஹாஸ்டல் பாத்தேன், அங்கிட்டு இருந்து இங்க அனுப்பிட்டாங்க. வந்த மொத வாரமே பேரிகைக்குப் போனேன்டி. உங்க ராகிக் கொல்லையில பிளாட் போட்டு கல்லு நட்டு வச்சிருக்கான். யாரக் கேட்டாலும் தெரியலைங்கிறான். உங்கப்பா எங்க?"

"அப்பா போயி ஆறு வருஷமாச்சு. அதுக்கு முன்னாலயே கொல்லைய வித்துட்டாரு."

காளியம்மாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு சரிதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எதிரே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. தன் அப்பாவும் இல்லை என்பதை அதற்குப் பிறகு சொன்னாள். வெல்டிங் வெளிச்சத்தில் கண் போய், கடைசியில் குரலை வைத்துத்தான் ஆட்களை அடையாளம் கண்டாராம். டிவியில் ஏதாவது பந்து விளையாட்டு ஓடும் சத்தம் கேட்டால், "அந்த பேரிகைப் புள்ள என்ன பண்ணுதோ" என்பாராம்.

அடுத்த ஞாயிறு போட்டி இல்லை. சரிதா ஹாஸ்டலுக்குப் போனாள். கட்டடத்துக்குப் பின்னால், துணி காயும் கொடிகளுக்கு அப்பால், கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. போன வாரம் குத்தவைத்ததில் காளியம்மாளுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டிருந்தது, பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு கையுறையை நீட்டினாள். சரிதாவின் தோள் பாதி உயரத்திலேயே வலித்தது. முதல் பந்து நடுவழியில் விழுந்து உருண்டு போய் ஸ்டூலைத் தொட்டது. மொட்டை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் கைதட்டினார்கள். "எதுக்குடி தட்டுறீக? கீழ வந்து பொறுக்கிக் குடுங்க" என்று காளியம்மாள் சத்தம் போட்டாள். வெயில் ஏறும்வரை வீசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பந்து, ஒன்றே ஒன்று, பழையபடி போனது. காளியம்மாள் அதைக் கையுறைக்குள் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் திருப்பித் தரவில்லை.

அம்பயர் பயிற்சிக்கு அவளையும் சரிதா வரச் சொன்னபோது, "அம்பயரத் திட்டித்தான்டி எனக்குப் பழக்கம்" என்றாள். ஆனாலும் போனாள். முதல் தடவை தேறவில்லை. இரண்டாம் தடவை தேறினாள்.

போன மாதம் ராயக்கோட்டையில் பள்ளிப் பெண்களுக்கான போட்டிக்கு இரண்டு பேரையும் கூப்பிட்டிருந்தார்கள். காளியம்மாளின் புது நீலச் சட்டை தோளில் இறுக்கமாக இருந்தது. பஸ்ஸில் ஏறியதிலிருந்து அதைப் பற்றியே புலம்பிக்கொண்டு வந்தாள். சரிதா சேலத்தில் சொல்லிக்கொடுத்த ஏதோ ஒரு சட்டத்தை அவளிடம் கேட்டாள். அவள் தப்பாகச் சொன்னாள். இல்லை என்றதும் சண்டைக்கு வந்தாள். உத்தனப்பள்ளியில் கூடையோடு ஏறிய ஓர் அம்மாள் இவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அக்கா தங்கச்சிங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்ற காளியம்மாள், அடுத்த கேள்விக்கு நிற்காமல், விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தாள்.